ஐந்து கல்லூரிகள், ஒரே பஸ்

வளாகங்களின் கதை – 17

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய திருட்டுக் கதை உலவுகிறது. 1821-இல் வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர் செஃபனையா ஸ்விஃப்ட் மூர் பதவியை உதறிவிட்டு மலையிறங்கிக் கிழக்கே கிளம்பினார். கல்லூரி இருந்தது மலைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த ஊரில். இங்கே பிள்ளைகள் வந்து சேரமாட்டார்கள், கல்லூரியை இடம் மாற்றுங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. அவரோடு 15 மாணவர்களும் கிளம்பினார்கள். போகிற போக்கில் வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அந்தக் கதை. ஆதாரம் ஏதும் கிடையாது. ஆனாலும் இரண்டு கல்லூரிகளும் மைதானத்தில் மோதும்போதெல்லாம் இதைச் சொல்லி ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வது இன்னும் ஓயவில்லை.

மூர் போய்ச் சேர்ந்த இடத்தில் உருவானது ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி. இந்த வாரக் கதையின் முதல் பாத்திரம் அதுதான்.

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட்டைப் பார்த்தோம். அங்கே ஜேம்ஸ் பிளெய்ஸ்டெல் என்ற ஒரு மனிதர், ஆக்ஸ்ஃபோர்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பொது நூலகத்தைச் சுற்றிச் சிறு கல்லூரிகள் என்று முதலிலேயே திட்டம் தீட்டினார். 1925-இல் கூட்டமைப்பு வந்தது. ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தவிர மற்றக் கல்லூரிகள் அதன் பிறகே ஒவ்வொன்றாக முளைத்தன. மாசசூசெட்ஸில் நடந்தது தலைகீழ். அங்கே கல்லூரிகள் முதலில் வந்தன. ஆளுக்கொரு பெருமை, ஆளுக்கொரு பழக்கம், ஆளுக்கொரு கஜானா என்று தனித்தனியாக வேர்பிடித்த பிறகுதான் சேர்ந்து வாழ்வதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தன. கிளேர்மான்ட்டின் கதை அழகானது. இந்தக் கதையில் சிக்கல்கள் அதிகம். அதனாலேயே பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் எதைப் பங்கு போட்டுக்கொள்ளும், எதைப் போடாது என்பதை இங்கேதான் துல்லியமாகப் பார்க்க முடியும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது கனெக்டிகட் ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிற்றூர். அங்கே மூன்று நிறுவனங்கள்: ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், கடைசியாக வந்த ஹாம்ப்ஷயர் கல்லூரி. ஆற்றுக்கு மேற்குக் கரையில் நார்தாம்ப்டன். அங்கே ஸ்மித் கல்லூரி. ஆம்ஹெர்ஸ்டுக்குத் தெற்கே குறுக்குச் சுவர்போல ஒரு மலைத்தொடர். அதைத் தாண்டினால் சவுத் ஹாட்லி. அங்கே மவுண்ட் ஹோலியோக் கல்லூரி. இக்கரையில் மூன்று, அக்கரையில் ஒன்று, மலைக்கு அப்பால் ஒன்று. எதிலிருந்து எதற்குப் போனாலும் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள்தான். ஆனால் நடுவில் ஒரு பாலமும் ஒரு கணவாயும் உண்டு. பின்னால் வரும் பல தகராறுகளுக்கு இந்தப் பாலமும் கணவாயும்தான் காரணம்.

இந்தக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று அந்நியமாகப் பிறந்தவையும் அல்ல. 1830-களில் மேரி லயன் என்ற ஆசிரியை, பெண்களுக்கு உயர்கல்வி தர ஒரு பள்ளி தொடங்கவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவர் தங்கியிருந்தது ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் நிலவியல் ஆய்வாளர் எட்வர்ட் ஹிட்ச்காக்கின் வீட்டில். அந்தக் கல்லூரியின் அறிவியல் விரிவுரைகளை லயன் போய்க் கேட்டார். மாணவியாக அல்ல, கேட்பவராக மட்டும். பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொள்ள ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கு அதன்பின் சுமார் 140 ஆண்டுகள் பிடித்தன. 1975-இல்தான் கதவு திறந்தது. இன்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும் வகுப்புப் பரிமாற்றத்தின் முதல் ஆள் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால், பதிவேட்டில் பெயரில்லாத மேரி லயனைத்தான் சொல்லவேண்டும்.

1837 நவம்பரில் அவருடைய பள்ளி 80 மாணவிகளோடு திறந்தது. கட்டணத்தைக் குறைவாக வைப்பதற்காகச் சமையல், துவையல் எல்லாவற்றையும் மாணவிகளே முறைபோட்டுச் செய்தார்கள். பத்தாண்டு கழித்து ஆம்ஹெர்ஸ்ட் ஊரிலிருந்து மலைதாண்டி அங்கே படிக்கப் போன பெண்களில் ஒருவர் எமிலி டிக்கின்சன். அவருடைய தாத்தா ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர். கல்லூரிக்காகச் சொத்தையெல்லாம் கரைத்தவர். பேத்தி படிக்கவேண்டுமானால் தாத்தா கட்டிய கல்லூரியில் இடமில்லை, பக்கத்து ஊருக்குத்தான் போகவேண்டும். ஓராண்டில் அவர் வீடு திரும்பிவிட்டார்.

மவுண்ட் ஹோலியோக் என்ற பெயரைச் சென்னை வாசகர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1915-இல் பல மிஷன் சங்கங்கள் கூட்டாகத் தொடங்கிய சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு அது சகோதரக் கல்லூரியாக இருந்தது. கூட்டு முயற்சி என்பது நமக்கும் புதிதல்ல.

ஸ்மித் கல்லூரியின் பிறப்பில் இந்தப் பின்னல் இன்னும் இறுக்கம். ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் சோஃபியா ஸ்மித் என்ற காது கேளாத பெண்மணிக்கு, உடன்பிறந்தவர் வழியாகப் பெரும் சொத்து வந்து சேர்ந்தது. அதை என்ன செய்வது என்று அவர் கலந்தாலோசித்தது சபை போதகர் ஜான் மார்ட்டன் கிரீனிடம். கிரீன், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் படித்தவர். அவருடைய மனைவி, மவுண்ட் ஹோலியோக்கில் படித்தவர். இருக்கிற இரண்டுக்கும் கொடுக்கலாமே என்றுகூட கிரீன் சொல்லிப் பார்த்தார். சோஃபியா முதலில் நினைத்தது காதுகேளாதோர் பள்ளி. ஆனால் 1867-இல் வேறொருவர் கொடையில் நார்தாம்ப்டனிலேயே அப்படி ஒரு பள்ளி வந்துவிட்டது. கடைசியில் உயிலில் எழுதியது ஒரு பெண்கள் கல்லூரி. 1875-இல் 14 மாணவிகளோடு அது திறந்தபோது தலைவராக வந்து உட்கார்ந்தவர் ஆம்ஹெர்ஸ்டின் பேராசிரியர் ஒருவர்.

நான்காவது, அரசாங்கத்தின் பிள்ளை. விவசாயமும் தொழிலும் கற்றுத்தர மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1863-இல் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரி உருவானது. நெடுங்காலம் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் அதை மாட்டுத்தொழுவம் என்ற அளவில்தான் பார்த்தன. 1947-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசே படிப்புச் செலவைக் கொடுத்த காலம் அது. பிள்ளைகள் குவிந்தார்கள். தொழுவம் என்று நினைத்தது பத்திருபது ஆண்டுகளில் யானையாக வளர்ந்து நின்றது. மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதன் மாணவர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரமுடியாது.

இப்படி உறவும் பகையும் கலந்த நால்வர் முதலில் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் என்ன? சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதோ, ஒப்பந்த விருந்தோ அல்ல. யாரும் படிக்காத பத்திரிகைகளை ஓரிடத்தில் அடுக்கிவைத்தது.

போருக்குப் பின் ஆராய்ச்சி இதழ்கள் பெருகின. ஒரு வேதியியல் பேராசிரியர், ஜெர்மன் மொழி இதழ் ஒன்று வேண்டும் என்பார். சந்தா கட்டவேண்டும், ஆண்டுதோறும் பைண்டு செய்யவேண்டும், அலமாரியில் அடி அடியாக இடம் ஒதுக்கவேண்டும். அதை ஆண்டுக்கு ஒருவர் புரட்டினால் அதிகம். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நூலகர் இந்தக் கணக்கைப் போட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் இன்னொருவரும் அதே இதழுக்கு அதே சந்தாவைக் கட்டிக்கொண்டிருந்தார். 1951-இல் ஆம்ஹெர்ஸ்ட், மவுண்ட் ஹோலியோக், ஸ்மித் மூன்றும் சேர்ந்து ஹாம்ப்ஷயர் நூலகங்களிடை மையம் என்ற அமைப்பைத் தொடங்கின. அரிதாகத் தேவைப்படும் இதழ்களை மையமே வாங்கும். ஏற்கெனவே இருக்கும் பழைய தொகுதிகளும் அங்கே போகும். யார் கேட்டாலும் அனுப்பிவைக்கும். 1954-இல் பல்கலைக்கழகமும் சேர்ந்தது.

கவனிக்கவேண்டியது ஒன்று. அவர்கள் பங்கு போட ஆரம்பித்தது தங்களுக்கு மிகக் குறைவாகத் தேவைப்பட்ட பொருளை. தினமும் கையில் எடுக்கிற புத்தகத்தைப் பொதுவில் வை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முறிந்திருக்கும். பின்னால் வெற்றிகரமாக நடந்த ஒவ்வொரு கூட்டு ஏற்பாட்டுக்கும் இதே சாயல் இருக்கிறது. தனியே வைத்துக்கொண்டால் சுமை, சேர்த்து வைத்தால் செல்வம் என்ற பொருளாக இருந்தால்தான் கை நீண்டது.

வானியல் அப்படிப்பட்ட இன்னொரு பொருள். சிறு கல்லூரியில் வானியலைப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் சொற்பம். அவர்களுக்காக ஒரு தொலைநோக்கி, ஒன்றிரண்டு ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பில் போனால் துறையே விடுப்பில் போனமாதிரி. 1960-ஐ ஒட்டி நான்கு நிறுவனங்களும் வானியலை ஒரே துறையாக இணைத்தன. ஆசிரியர்கள் அவரவர் கல்லூரியின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள், பாடத்திட்டம் பொது, மேல்வகுப்புகளுக்கு நான்கு இடத்துப் பிள்ளைகளும் ஒரே அறைக்கு வருவார்கள். 1961-இல் ஒரு கூட்டு வானொலி நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்கியது.

இந்தத் துறை என்னவாக வளர்ந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் முன்னோக்கிப் போகவேண்டும். ஆம்ஹெர்ஸ்டுக்குக் கிழக்கே குவாபின் என்ற மாபெரும் நீர்த்தேக்கம் இருக்கிறது. பாஸ்டன் நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1930-களில் டானா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களைக் காலிசெய்து, கல்லறைகளைக்கூடத் தோண்டி இடம்மாற்றி, பள்ளத்தாக்கையே நீரில் மூழ்கடித்து உண்டாக்கியது அது. மூழ்காமல் மிஞ்சிய பிரெஸ்காட் தீபகற்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, விளக்கில்லை, மின்காந்த இரைச்சல் இல்லை. ரேடியோ தொலைநோக்கிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? 1969-இல் தொடங்கிய ஐந்து கல்லூரி ரேடியோ வானியல் ஆய்வகம் அங்கேதான் குடியேறியது. 1976-இல் 14 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றும் எழுந்தது. ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோசஃப் டெய்லர். 1974-இல் அவரும் அவருடைய மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்தார்கள். ஈர்ப்பலைகள் உண்டு என்பதற்கு முதல் மறைமுகச் சான்று அந்த இரட்டையிலிருந்துதான் கிடைத்தது. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த நோபலைக் கூட்டமைப்பின் கணக்கில் முழுசாக வரவு வைப்பது நியாயமில்லை. அரெசிபோ இவர்களுடையது அல்ல. ஆனால் ஆளுக்கு அரை ஆசிரியர் வைத்திருந்த நான்கு கல்லூரிகள் தனித்தனியே இருந்திருந்தால் டெய்லரைப் போன்ற ஒருவர் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கவே முகாந்திரம் இல்லை.

இனி 1958-க்குப் பின்னோக்கிப் போவோம். நான்கு நிறுவனங்களும் ஆளுக்கொரு பேராசிரியரை அனுப்பி ஒரு குழு அமைத்தன. ஃபோர்ட் அறக்கட்டளை வழியாகப் பணம் வந்தது. பிறக்கும் குழந்தைகள் பெருகியிருக்கின்றன, பதினைந்து ஆண்டில் இவர்கள் கல்லூரி வாசலில் நிற்பார்கள், என்ன செய்வது என்பது கேள்வி. நால்வரும் எழுதிக்கொடுத்த அறிக்கைக்குப் புதிய கல்லூரித் திட்டம் என்று பெயர். நாம் வளரவேண்டாம், சேர்ந்து ஐந்தாவதாக ஒன்றைப் பெற்றெடுப்போம் என்றது அது. 1,000 மாணவர்கள், 50 ஆசிரியர்கள் மட்டும். முதலாண்டிலிருந்தே சிறு கருத்தரங்க வகுப்புகள். மாணவன் தானே படிக்கப் பழகவேண்டும். எல்லாப் பாடத்தையும் அந்தக் கல்லூரியே நடத்தத் தேவையில்லை, இல்லாததை அண்டை வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அறிக்கை சில ஆண்டுகள் தூங்கியது. 1965-இல் ஆம்ஹெர்ஸ்டின் பழைய மாணவர் ஹெரால்ட் ஜான்சன் 60 லட்சம் டாலர் தருகிறேன் என்றதும் விழித்துக்கொண்டது. தெற்கு ஆம்ஹெர்ஸ்டில் ஆப்பிள் தோட்டங்களையும் பண்ணைகளையும் வாங்கிச் சேர்த்தார்கள். அதே 1965-இல் கூட்டமைப்பும் ஐந்து கல்லூரிகள் என்ற பெயரில் சட்டப்படி பதிவானது. ஐந்தாவது கல்லூரி அப்போது காகிதத்தில்தான் இருந்தது. மாணவர்கள் வந்தது 1970-இல். மதிப்பெண் கிடையாது, துறைகள் கிடையாது. ஆசிரியர் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதித்தருவார். அறுபதுகளின் காற்று முழுசாக அடித்த வளாகம்.

நான்கு பெற்றோர் கூடிப் பெற்ற பிள்ளைக்குச் சீர்வரிசை மட்டும் சரியாக அமையவில்லை. நிலமும் கட்டடமும் இருந்தன. வட்டியில் வண்டி ஓட்டுகிற அளவுக்கு மூலநிதி கிடையாது. மாணவர் கட்டணத்தில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்பதுதான் 1958 அறிக்கையின் கணக்கே.

எல்லாம் சரி, அன்றாடத்தில் இது எப்படி ஓடுகிறது?

முக்கியமான விதி எளிது. ஐந்தில் எதில் சேர்ந்திருந்தாலும் மற்ற நான்கில் பாடம் எடுக்கலாம். அங்கே தனியாகக் கட்டணம் கிடையாது. கிரெடிட் சொந்தக் கல்லூரிக் கணக்கில் ஏறும். நூலகங்களில் இரவல் வாங்கலாம். வேறு வளாகத்துப் புத்தகத்தைக் கேட்டால் வேன் கொண்டுவந்து தரும். இப்படி மாறிப் படிக்கும் பதிவுகள் ஆண்டுக்கு ஐயாயிரம் என்ற அளவில் நடக்கின்றன.

விதிக்குக் கீழே இருக்கும் பல்சக்கரங்கள்தான் சுவாரசியம். செமஸ்டர் தொடங்கும் தேதி ஐந்துக்கும் ஒன்றல்ல. சேர்வதற்கும் விலகுவதற்கும் கடைசி நாள் வேறு வேறு. ஒரு வளாகத்தில் பாடம் என்றால் ஒரு பாடம், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்றில் நான்கு கிரெடிட். பல்கலைக்கழகத்தில் மூன்று கிரெடிட் பாடங்களும் ஏராளம். எதற்கு எது சமம் என்று பார்ப்பதற்கே பதிவாளர் அலுவலகங்களில் தனி வேலை. ஹாம்ப்ஷயர் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் அந்தக் கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு பக்க மதிப்புரை கிடைக்கும். ஸ்மித்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஏ, பி என்று கிரேடு போட்டாகவேண்டும். ஒரே ஆசிரியர், ஒரே கட்டுரை, இரண்டு விதமான தீர்ப்பு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பல்சக்கரம், பஸ். சவுத் ஹாட்லியில் இருக்கும் மாணவி பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் எடுத்தால் 38-ஆம் எண் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அது கணவாய் ஏறி இறங்கி, ஹாம்ப்ஷயர் வாசலில் நின்று, ஆம்ஹெர்ஸ்ட் ஊருக்குள் நுழைந்து, பிறகுதான் பல்கலைக்கழகத்தைத் தொடும். ஒன்றேகால் மணி நேர வகுப்புக்குப் போகவர ஒன்றரை மணி நேரம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் பஸ்ஸிலேயே. ஸ்மித்துக்குப் போகிறவர்களுக்கு 43. ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் தேங்கினால் பேராசிரியர் பாதிப் பாடம் முடித்திருப்பார். வட்டாரப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் இந்தப் பஸ்களில் அடையாள அட்டையைக் காட்டினால் மாணவர்களுக்கு டிக்கெட் இல்லை. பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பிரிவு ஓட்டும் வண்டிகளில் ஸ்டியரிங் பிடிப்பவர்களே பெரும்பாலும் மாணவர்கள்தான். பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, வகுப்பு நேரம் போக மீதி நேரத்தில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள். கூட்டமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைவர்களின் கூட்டங்களைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார்கள். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற ஒரு முடிவு, அந்தக் கூட்டங்களில் பாதியைவிட அதிகமான வகுப்புகளைத் திறந்தோ மூடியோ இருக்கிறது.

பஸ் பயணம் ஒருவருக்கு என்ன தரமுடியும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம். 1980-களின் தொடக்கத்தில் கூட்டமைப்பின் சிறப்புப் பேராசிரியராக எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்தார். எந்த ஒரு கல்லூரிக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக நியமிக்கப்படும் பதவி அது. 1983-இல் ஹாம்ப்ஷயரில் அவர் ஒரு படைப்பெழுத்து வகுப்பு நடத்தினார். மலைக்கு அப்பாலிருந்து, மவுண்ட் ஹோலியோக்கில் படித்துக்கொண்டிருந்த சூசன்-லோரி பார்க்ஸ் என்ற மாணவி அதில் சேர்ந்தார். தான் எழுதிய கதைகளைச் சும்மா படிக்காமல், பாத்திரங்களாகவே மாறி, கையை ஆட்டி, குரலை மாற்றி வாசிப்பது அவர் வழக்கம். பார்த்துக்கொண்டே இருந்த பால்ட்வின், நீ நாடகம் எழுதிப் பாரேன் என்றார். அந்த மாணவிக்கு அதுவரை அந்த எண்ணமே இல்லை. 2002-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்.

ரஷ்யாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கவிஞர் ஜோசஃப் பிராட்ஸ்கியும் இதே ஏற்பாட்டில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து கற்பித்தவர். 1987-இல் இலக்கிய நோபல் பெற்றார். ஒரு சிறு கல்லூரி தனியாக இப்படி ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள முடியாது என்பதில்லை; ஆம்ஹெர்ஸ்டிடம் பணம் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது மாறிவிடும்.

அரிய மொழிகளின் கதையும் அரிய இதழ்களின் கதைதான். சுவாஹிலி, துருக்கி, உருது, யோருபா போன்ற மொழிகளைப் படிக்க ஒரு வளாகத்தில் ஓரிருவர்தான் கிடைப்பார்கள். ஐந்திலும் தேடினால் ஒரு குழு சேரும். கூட்டு மொழி மையத்தில், மாணவர் பாடத்தைத் தானே படிப்பார். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரோடு வாராவாரம் உரையாடுவார். கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பேசவைத்துச் சோதிப்பார். நடனத் துறையும் இதே முறையில் 1970-களின் பிற்பகுதியில் இணைந்தது. வரலாற்றில் முனைவர் பட்டப் படிப்பும் கூட்டுதான். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்.

இனி ஒரு நிலவறையின் கதை.

சவுத் ஹாட்லிக்குப் போகும் கணவாயை ஒட்டி நிற்கிறது பேர் மலை. 1957-இல் அமெரிக்க விமானப்படை அந்த மலையின் வயிற்றைக் குடைந்து, பல தளங்கள் கொண்ட கான்கிரீட் நிலவறை ஒன்றைக் கட்டியது. தெற்கே வெஸ்ட்ஓவர் விமானத் தளம் இருந்தது. அணுகுண்டு சுமக்கும் விமானங்கள் அங்கே நின்றன. சோவியத் குண்டு விழுந்து தளம் அழிந்தால் அதிகாரிகள் இந்த மலைக்குள்ளிருந்து போரைத் தொடரவேண்டும் என்பது ஏற்பாடு. கனத்த எஃகுக் கதவுகள், சொந்த மின்சாரம், சொந்தத் தண்ணீர். போர் வரவில்லை. விமானப்படை கைவிட்டபின் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தன் ஆவணங்களை அங்கே வைத்தது. 1992-இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி அதை விலைக்கு வாங்கியது. ஊர் சிரித்திருக்கும். நூலகர்களுக்கோ கண் விரிந்தது: வெயில் படாத, ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி வைக்கக்கூடிய, தீப்பிடிக்காத பெட்டகம் அது.

ஐந்து நூலகங்களும் நிரம்பி வழிந்த நேரம். ஒரே இதழின் ஐந்து தொகுப்புகள் ஐந்து கட்டடங்களில் தூசி சுமந்துகொண்டிருந்தன. கூட்டுச் சேமிப்பகம் என்ற யோசனை இங்கே முழு வடிவம் பெற்றது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பிரதியை மலைக்குள் வைப்பது. அதை எல்லோருக்கும் பொதுச்சொத்தாக எழுதிக்கொள்வது. மற்ற பிரதிகளைக் கழித்துக்கட்டுவது. இதில் மூன்றாவது படிதான் கஷ்டம். இன்னொரு இடத்தில் இருக்கிறது என்பதற்காகத் தன் அலமாரியில் இருப்பதைத் தூக்கிப்போடச் சொன்னால் எந்தப் பேராசிரியருக்கு மனம் வரும்? 1951-இல் சேர்த்து வாங்குவதற்குத்தான் கூடினார்கள். இங்கே சேர்ந்து இழப்பதற்குச் சம்மதித்தார்கள். ஐந்து கல்லூரிகளுக்கு நடுவே உண்மையான நம்பிக்கை எந்த அளவுக்கு ஊறியிருந்தது என்பதற்கு, எந்த ஒப்பந்தத்தையும்விட அந்தக் கழிக்கப்பட்ட இதழ்கள்தான் நல்ல சாட்சி. பிறகு மலையும் நிரம்பியது. புதிய கூட்டுக் கிடங்கு ஒன்றைக் கட்டினார்கள். இடம், சோஃபியா ஸ்மித் வாழ்ந்த அதே ஹாட்ஃபீல்ட்.

பங்கு போடாதவற்றையும் பார்க்கவேண்டும். மாணவர் சேர்க்கை தனித்தனி. பட்டம் தனித்தனி. விளையாட்டு அணிகள் தனித்தனி. கிளேர்மான்ட்டில் கல்லூரிகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஒரே அணியாக ஆடுவதைப் பார்த்தோமே, அந்தப் பேச்சே இங்கே எடுபடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலநிதி தனித்தனி. 2019 வாக்கில் ஆம்ஹெர்ஸ்டின் மூலநிதி 200 கோடி டாலருக்கு மேல். அதே பஸ் தடத்தில், சில மைல் தெற்கே, ஹாம்ப்ஷயரிடம் இருந்தது 5 கோடி டாலர் சொச்சம்.

அந்த ஆண்டு ஜனவரி மாதம் ஹாம்ப்ஷயரின் தலைவர் ஒரு கடிதம் வெளியிட்டார். கல்லூரி தனியாக நிற்பது கடினம். நீண்டகாலக் கூட்டாளி ஒருவரைத் தேடுகிறோம். வரும் ஆண்டுக்குப் புதிய மாணவர்களை வழக்கம்போல் சேர்ப்பதா என்று யோசிக்கிறோம். பிப்ரவரி முதல் தேதி அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள்: முழு வகுப்பைச் சேர்ப்பதில்லை. கட்டணத்தில் ஓடும் கல்லூரியில் ஒரு வகுப்பு இல்லையென்றால் நான்கு ஆண்டுக்கு வருமானத்தில் ஓட்டை. மாணவர்கள் தலைவர் அலுவலகத்துக்குள் புகுந்து பாய் விரித்துவிட்டார்கள். அந்த உள்ளிருப்புப் போராட்டம் 75 நாள் நீடித்தது. பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பேச்சு அடிபட்டது, நடக்கவில்லை. ஏப்ரலில் தலைவர் விலகினார். கல்லூரி தொடங்கிய காலத்திலேயே அதில் வேலை பார்த்த கென் ரோசந்தால் இடைக்காலப் பொறுப்பேற்றார். பழைய மாணவர்கள் கையைக் கடித்துக்கொண்டு நன்கொடை திரட்டினார்கள். ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் அவர்களில் முன்னால் நின்றவர். அந்த ஆண்டு கல்லூரி மூடப்படவில்லை. இலையுதிர் காலத்தில் சேர்ந்த புதிய மாணவர்களின் எண்ணிக்கை இருபதைக்கூடத் தொடவில்லை.

அப்போது பலர் கேட்ட கேள்வி நியாயமானது. பெற்ற நால்வரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், இருவர் பெரும் பணக்காரர்கள், ஏன் கைகொடுக்கவில்லை? கூட்டமைப்பின் ஏட்டில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் பதில். பொதுவில் வைப்பதற்கு விதி இருந்தது. கடனை ஏற்பதற்கு விதி இல்லை. ஸ்மித்தின் அறங்காவலர்கள் ஸ்மித்தின் கொடையாளர்களுக்குத்தான் பதில் சொல்லவேண்டியவர்கள். அதே மாதங்களில் ஹாம்ப்ஷயர் மாணவர்கள் வழக்கம்போல ஆம்ஹெர்ஸ்டிலும் பல்கலைக்கழகத்திலும் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட புத்தகங்களும் வேனில் வந்துகொண்டுதான் இருந்தன. கூட்டமைப்பு எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப் பழுதில்லாமல் செய்தது. 1958-இல் நான்கு பேராசிரியர்கள் போட்ட ஐம்பது ஆசிரியர் கணக்கு, அண்டை வீட்டுப் பாடங்களை நம்பியிருந்தது. அண்டை வீட்டுப் பணத்தை அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை, கேட்டு எழுதிவைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் தெற்கே அட்லாண்டாவுக்குப் போவோம். அங்கே 1929-இல் ஜான் ஹோப் என்ற மனிதர் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், அட்லாண்டா பல்கலைக்கழகம் மூன்றையும் ஓர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார். அங்கிருந்த வெள்ளையர் கல்லூரிகள் எதிலும் நுழையவே முடியாத மாணவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் அங்கே எதை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கே வேறு.

(தொடரும்)